உவர் இண்டைக்கும் பின்னாலதான்

எங்கள் வீட்டு பேஸ்மென்ற்றில் ஒரு குளிர்காலம் முழுக்க ஒரு ரோபோ பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. சுவிட்சைப் போட்டால் அதன் இரண்டு கண்களிலும் நீல வெளிச்சம் வரும். மெல்ல ஒருமுறை முனகும். பிறகு, கோயில் வாசலில் பெரிய மனிதர் யாரையோ எதிரில் கண்டுவிட்டதுபோல மரியாதையாகப் பின்வாங்கும். அரை வட்டம் சுற்றும். மறுபடியும் பின்வாங்கும். முன்னால் ஒன்றும் இருக்காது. கார்ப்பெற் இருக்கும், அதற்கப்பால் செற்றி இருக்கும், செற்றியில் என் கணவர் இருப்பார்.

"உவர் இண்டைக்கும் பின்னாலதான்," என்பார்.

உவர் என்றது ரோபோவை. ஒரு இறாத்தல் பாண் அளவேயான சாமானுக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று கேட்டால், "வயசு தெரியாதே," என்பார். அந்தப் பகிடியை எத்தனை தரம் கேட்டாலும் நான் சிரித்தேன். பகிடி நல்லது என்பதற்காக இல்லை. அவர் பகிடி விட்டாரே என்பதற்காக.

ஏனென்றால் அதற்கு முந்திய வருடம் எங்கள் வீட்டில் சத்தம் அடங்கிப்போயிருந்தது. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் கனகாலம் நின்று வேலை செய்தவர் அவர். முதுகு மறுத்துவிட்டது. இனிப் பாரம் தூக்கக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது என்று டொக்ரர் சொன்னார். இரண்டும் கூடாதென்றால் அந்தத் தொழிற்சாலையில் வேறு என்ன வேலை மிஞ்சும்? வீட்டோடு நின்றுவிட்டார். முதலில் கொஞ்சக் காலம் யன்னலோரம் இருந்து வீதிப் புதினம் சொல்லுவார். யார் குப்பைத் தொட்டியைப் பிழையான நாளில் வெளியே வைத்தது, யாருடைய வீட்டுக்கு முன்னால் புதுக் கார் நிற்கிறது என்று. பிறகு அதுவும் குறைந்தது. சாப்பிட வாங்கோ என்றால் ஓம். தேத்தண்ணி வேண்டுமோ என்றால் ஓம். மருந்து எடுத்தாச்சோ என்றால் ஓம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே ஒரு மனிதர் முழு நாளையும் கடந்துவிடலாம் என்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

எனக்குப் பயமாக இருந்தது. முதுகு நோவுக்கு மருந்து எழுதித் தந்தார்கள்; பேச்சு வற்றுவதற்கு ஒருவரும் ஒன்றும் எழுதித் தரவில்லை. நாங்கள் கனடாவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் உயரத்து மாடியொன்றில் குடியிருந்த காலத்தில் வாயே மூடாத மனிதர் அவர். லிப்ற் பழுதாகிப் படியேறினால் வழி முழுக்கக் கதைப்பார். மூச்சு வாங்குவது என்னுடைய வேலை, கதைப்பது அவருடைய வேலை. அந்த மனிதர் இப்போது இந்த அஜக்ஸ் வீட்டில், நல்ல செற்றியில் இருந்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக எங்கேயோ போய்க்கொண்டிருந்தார். நானோ மேல் அறையில், காதில் ஹெட்செற்றோடு, ஒரு மீற்றிங் முடிய அடுத்த மீற்றிங் என்று இருந்தேன். மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் எங்கே பிழை இருக்கிறது என்று தேடுவதுதான் என் தொழில். கீழே, என் காலடியில், அதைவிடப் பெரிய பிழை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதற்கு எங்கே தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

எங்களுக்கு ஒரே மகள். வன்கூவரில் வேலை கிடைத்துப் போனவள், புரட்டாசி மாதத்தில் அப்பாவுக்கு ஒரு ரோபோப் பெட்டி அனுப்பினாள். உள்ளே சில்லுகள், பல்சக்கரங்கள், வயர்கள், பொட்டலம் பொட்டலமாகக் குட்டி ஸ்குரூக்கள்.

"அப்பாக்கு பிசியா இருக்க ஏதாவது வேணும், அம்மா," என்றாள் போனில். "இது கிட்ஸுக்கு மட்டும் இல்லை. அடல்ற்ஸும் செய்யினம். நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து செய்யுங்கோ, இற்ஸ் ஃபன்."

சேர்ந்து செய்ய எனக்கு எங்கே நேரம். கை வேலையை அவர் எடுத்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்திப் பூட்டினார். தொழிற்சாலையில் பழகிய கை அல்லவா, ஒரு ஸ்குரூவும் மிஞ்சவில்லை. கணினி வேலை என்னுடையது என்று பேச்சில்லாமலே பிரிந்தது. பூட்டி முடிந்தபோது நவராத்திரி வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் மட்டும் வைப்பதில்லை. உழைக்கிற சாமான் எல்லாம் வைப்போம். என் ஒபீஸ் லாப்ரொப், அவருடைய ஆயுதப் பெட்டி, அவற்றுக்கு நடுவில் ரோபோ. எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன், மேலே குங்குமம் தொட்டேன். இது எனக்குக் கைப்பழக்கம். புதுக் கார் வாங்கினால் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விப்போம். பிரிட்ஜுக்குப் பொட்டு, அடுப்புக்குப் பொட்டு, பேஸ்மென்ற்றில் வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸுக்கும் பொட்டு. வெளியாள் பார்த்தால் அது கறை. எங்கள் கண்ணுக்கு அது அந்தச் சாமானோடு கூடப் பிறந்தது, தனியாகத் தெரிவதே இல்லை. ரோபோவுக்கு முகம் மாதிரியே ஒன்று இருந்ததால் இடம் தேட வேண்டியிருக்கவில்லை. இரண்டு கண்ணுக்கும் நடுவில் வைத்தேன். லட்சணமாக இருந்தது.

விஜயதசமி காலையில் முதல் தரம் ஓட விட்டோம். புதிதாக எதைத் தொடங்குவதென்றாலும் அன்றுதான் தொடங்குவது எங்கள் வழக்கம். அப்போதுதான் அது பின்னால் போனது.

உண்மையில் அது பின்னால் போவதற்கே பெரும் பாடுபட்டோம். முதலில் லாப்ரொப்புக்கு ரோபோ என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கேபிளைச் செருகினால், ஒன்றும் இணைக்கப்படவில்லை என்று திரை சொன்னது. மேசை லாச்சியில் கிடந்த கேபிள்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்தோம். பாதிக் கேபிள்கள் மின்சாரத்தை மட்டும் கடத்துகிற வகை, பேச்சுவார்த்தைக்கு உதவாதவை. மகளின் பழைய கமராக் கேபிள் ஒன்றுதான் கைகொடுத்தது. அதற்குப் பிறகு, லாப்ரொப்பில் இருக்கிற மென்பொருள் புதியது, ரோபோவின் ஃபேர்ம்வெயர் பழையது, இரண்டும் ஒத்துப்போகாது என்று ஒரு சிவப்புச் செய்தி வந்தது.

"ஃபேர்ம்வெயர் எண்டா?" என்று கேட்டார்.

ரோபோவின் மூளைச் சிப்புக்குள்ளேயே குடியிருக்கிற சின்ன மென்பொருள்தான் அது என்று சொன்னேன். நாங்கள் திரையில் வண்ணக் கட்டங்களை அடுக்கி, முன்னே போ, தடை வந்தால் பின்னால் வந்து திரும்பு என்று எழுதுகிறோம். ரோபோவின் மோட்டருக்கு அந்தப் பாஷை தெரியாது. ஃபேர்ம்வெயர்தான் அதை வாங்கி மோட்டருக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லும்.

ரோபோவைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அப்ப உவருக்குள்ள ஒரு மொழிபெயர்ப்பாளர் இருக்கிறார். என்ரை அகதி விசாரணையில இருந்தாரே, அவரைப்போல. நான் அரை மணித்தியாலம் அழுது சொன்னதை மனிசன் ரெண்டு வசனத்தில முடிச்சுப்போட்டு என்னைப் பாத்துச் சிரிச்சவர்."

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் என் முகத்தைக் கண்டு நிறுத்திவிடுவாரோ என்று பயந்தேன். பல மாதங்களில் அவர் வாயிலிருந்து வந்த மிக நீண்ட பேச்சு அதுதான்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு குரல் கேட்கத் தொடங்கியது. மேலே நான் ஹெட்செற்றைக் கழற்றி வைக்கிற நேரம் பார்த்துக் கீழிருந்து படியேறி வரும்.

"இஞ்சேரும். உவர் உம்மைத் தேடுறார்."

இஞ்சேரும் என்பது, என் பெயர் சொல்லாமல் அவர் என்னைக் கூப்பிடுகிற சொல். நான் இறங்கிப் போவேன். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், பின்னேரத் தேத்தண்ணிக்கு, சனிக்கிழமை முழுக்க. பேஸ்மென்ற் யன்னல் நிலத்தோடு ஒட்டியது. பனி கொட்டினால் யன்னலில் பாதி மூடிவிடும். மீதிப் பாதியால் வருகிற வெளிச்சம் பாலில் தண்ணீர் கலந்த மாதிரி இருக்கும். அந்த வெளிச்சத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் கார்ப்பெற்றில் இருப்போம். அவருக்கு முதுகுக்குத் தலையணை வைத்துக் கொடுப்பேன். ஃபேர்னஸ் மூச்சு விட்டு விட்டு நிற்கும். தூரத்தில் ரயில் போகும், நெடுஞ்சாலையின் இரைச்சல் வரும், எல்லாம் வேறு யாருக்கோ நடக்கிறவைபோல இருக்கும். நடுவில் ரோபோ தன் பாட்டில் பின்வாங்கிக்கொண்டே போகும்.

ஃபேர்ம்வெயரை மாற்றுவது ஒராள் செய்கிற வேலை இல்லை. ரோபோவின் வயிற்றில் ஊசித் துவாரம் ஒன்று இருக்கிறது, அதற்குள் ஒரு பொத்தான். அதை ஊசியால் அமத்திப் பிடித்தபடியே கேபிளைச் செருக வேண்டும், அதே நேரம் திரையில் சரி என்று அழுத்த வேண்டும். ஊசி அவருக்கு, திரை எனக்கு. "இப்ப," என்பேன். "அமத்தியாச்சு," என்பார். "விடாதேங்கோ." "விட்டேனோ?" பச்சைக் கோடு ஒன்று திரையில் ஊரத் தொடங்கும். அது ஊர்ந்து முடியும்வரை அவர் கையை எடுக்க முடியாது, நான் எழும்ப முடியாது. அந்த நேரத்தில்தான் அவர் கதைத்தார். கோடு பாதியில் நின்றுபோன நாட்களில் கூடக் கதைத்தார். எனக்கு அது முழுதாக ஊர்ந்து முடிந்துவிடக் கூடாது என்றே சிலவேளை இருந்தது.

ஆனால் தொழில் பழக்கம் சும்மா இருக்க விடுமா. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், மாற்றியபின் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும், பிறகுதான் அடுத்தது. இது என் வேதம். புது ஃபேர்ம்வெயரைப் போட்டேன், பின்னால் போனது. பழையதைத் தேடிப் பிடித்துப் போட்டேன், அதற்கும் பின்னால் போனது. மென்பொருளை அழித்துத் திரும்ப ஏற்றினேன். வேறு லாப்ரொப்பில் பார்த்தேன். ரோபோவின் உணரி, அதுதான் சென்சர், என்ன சொல்கிறது என்று திரையில் ஒரு எண் ஓடும். முன்னால் வெளியாக இருந்தால் எண் கீழே இருக்க வேண்டும், சுவர் கிட்ட வந்தால் ஏற வேண்டும். எங்களுடையது எப்போதும் உச்சியிலேயே நின்றது. அதாவது ரோபோ நடையில் பிழை இல்லை. தன் முகத்துக்கு முன்னால் எந்நேரமும் சுவர் நிற்கிறது என்று அது உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தது. பாவம், சுவர் நிற்கிறதென்றால் பின்வாங்கத்தானே வேண்டும்.

உணரி சொல்வதை ஃபேர்ம்வெயர் பிழையாக வாசிக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். மென்பொருள்காரிக்கு உலகத்துப் பிழையெல்லாம் மென்பொருளில்தான். இணையத்தில் கேட்டுப் பார்த்தேன். ஒருவர் பற்றரியை மாற்று என்றார், இன்னொருவர் எனக்கும் இதே பிரச்சினை என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். எனக்கும் இதே பிரச்சினை என்று சொல்லுகிறவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். பிரச்சினை எல்லாருக்கும்தான் இருக்கிறது, தீர்வு இருந்தால் சொல்லு.

கடைசியில் ரோபோவை விற்ற கொம்பனிக்கு எழுதினேன். நல்ல பொறுமைசாலி ஒருவர் பதில் போட்டார். உணரியின் முகப்பு சுத்தமாக இருக்கிறதா, மேலே ஏதாவது மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று எழுதியிருந்தார். நான் திரையைப் பார்த்தபடியே இவரைக் கேட்டேன்.

"சென்சர் சுத்தமாக் கிடக்கோ எண்டு கேக்கினம். ஒருக்காப் பாருங்கோவன்."

ரோபோவைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். "ஓம். உவருக்கு ஒரு குறையும் இல்லை," என்றார்.

அதை அப்படியே எழுதி அனுப்பினேன். பூட்டியவர் சொன்னால் சரிதானே.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் பச்சைக் கோடு மிக மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தபோது நான் கார்ப்பெற்றிலேயே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் ரோபோ கதவைத் தாண்டிப் பின்பக்கமாக வீதியில் இறங்கியது. பனிக்குள் அதன் சில்லுத் தடம். நான் பின்னால் போகிறேன். அது நெடுஞ்சாலையோரம் போகிறது, கார்களெல்லாம் அதற்காக ஒதுங்குகின்றன. பிறகு வீதிகள் ஒடுங்கி, கட்டடங்கள் உயர்ந்து, தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காரின் மணி கேட்கிறது. சென் ஜேம்ஸ் ரவுண். லிப்ற் பழுது. ரோபோ ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறுகிறது. மேலே ஒரு கதவு திறந்திருக்கிறது, தொழிற்சாலை ஜக்கற்றைக் கழற்றாமல் அவர் வாசலில் நிற்கிறார், இளமையாக, வாய் ஓயாமல் எனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. குரல் மட்டும் கேட்கிறது. அது போதும் என்று நினைத்துக்கொண்டு நான் வாசலிலேயே நிற்கிறேன்.

விழித்தபோதும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. உண்மையாகவே அவர் கதைத்துக்கொண்டிருந்தார், ஊசியை விடாமல், ரோபோவோடு. "கொஞ்சம் பொறும். மனிசி நித்திரை. எழுப்பிப்போடாதேயும்." நான் கண்ணைத் திறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தேன்.

அந்தக் காலத்தில் அவரிடம் வேறு மாற்றங்களும் வந்தன. முன்பெல்லாம் சாமி அறைப் பக்கம் தலை காட்டாதவர், வெள்ளிக்கிழமைகளில் தானே விளக்குக் கொழுத்தத் தொடங்கினார். நான் மீற்றிங் முடிந்து வர சாம்பிராணி மணக்கும். சந்தனம் குழைத்த சின்னக் கிண்ணத்தைக் கழுவி, வடிய விட்டுக் கவிழ்த்து வைத்திருப்பார். மகளுக்குப் போன் எடுத்து, அப்பாவுக்குப் பக்தி வந்துவிட்டது என்று சொன்னேன். எனக்கு ஆறுதலாக இருந்தது.

தை பிறந்து மாசியும் வந்துவிட்டது. அந்தக் கொம்பனிக்காரர், இவ்வளவு செய்தும் சரிவரவில்லையென்றால் உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்ட்டில்தான் பழுது, ரோபோவைத் திருப்பி அனுப்புங்கள், வேறொன்று தருகிறோம் என்று எழுதினார். மகளும் அதையே சொன்னாள். "ஜஸ்ற் றிற்றேர்ன் இற், அம்மா. ஏன் இவ்வளவு ரைம் வேஸ்ற் பண்ணுறீங்கள்?"

இவரிடம் சொன்னேன். "பாப்பம்," என்றார். அடுத்த கிழமை கேட்டேன். "பாப்பம்," என்றார். பிறகு ஒருநாள், "உவரை அனுப்பிப்போட்டு வாற ஆள் எப்பிடிப்பட்டவரோ," என்றார். பகிடிபோலத்தான் சொன்னார், ஆனால் முகத்தில் பகிடி இல்லை.

எனக்கும் அனுப்ப மனமில்லை. புதிய ரோபோ வந்தால் முதல் நாளே முன்னால் ஓடும். இரண்டு நாள் பார்த்துக் கை தட்டுவோம். பிறகு அதை அலுமாரியில் தூக்கி வைப்போம். அவர் செற்றிக்குத் திரும்புவார், நான் மாடிக்குத் திரும்புவேன், வீட்டில் மறுபடியும் ஓம் மட்டும் கேட்கும். எங்களுக்குள் இருந்தது அந்த ரோபோவின் பிழை ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றியது. அது தீர்ந்தால் என்ன மிஞ்சும் என்று நினைக்கப் பயமாக இருந்தது. ஆனாலும் பழுது என்று தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டிருப்பது என் சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மீற்றிங் ஒன்று கடைசி நேரத்தில் நின்றுபோனது. பெட்டியில் போட்டு ஒட்டிவிட்டால் பிறகு யோசனை இல்லை என்று கீழே இறங்கினேன்.

அவர் அங்கே இல்லை. முன் வாசலில் பனி அள்ளுகிற சத்தம் கேட்டது. பாரம் தூக்காதேங்கோ என்றால் கேட்கிற ஆளா. ரோபோ மேசையில் இருந்தது. பெட்டிக்குள் வைக்க இரண்டு கையாலும் எடுத்தேன். வலது பெருவிரலில் ஈரம் பட்டது.

சந்தனம். இரண்டு கண்ணுக்கும் நடுவில், குங்குமத்தோடு, அப்போதுதான் வைத்ததுபோலக் குளிர்ந்து கிடந்தது.

ரோபோவைப் பிடித்தபடியே நின்றேன். நான் பொட்டு வைத்தது நவராத்திரிக்கு. கனடாக் குளிர்காலத்தில், இரவு பகலாக ஃபேர்னஸ் ஊதுகிற வீட்டுக்குள் எந்தச் சந்தனம் நிற்கும்? பிரிட்ஜில் வைத்தது எப்போதோ காய்ந்து உதிர்ந்துவிட்டது. லாப்ரொப்பில் வைத்ததை நானே கூட்டி எடுத்தேன். உவருக்கு மட்டும் மாசியிலும் நெற்றி ஈரம். என்னுடைய பொட்டு இவ்வளவு பெரியதும் இல்லை. நான் மோதிர விரலால் வைப்பேன். இது ஒரு ஆணின் பெருவிரல் அகலம்.

கீழே கிடந்த பழைய லாப்ரொப்பைத் திறந்து கேபிளைச் செருகினேன். எண் வழமைபோல உச்சியில் நின்றது. விரல் நுனியால் சந்தனத்தை மெல்ல வழித்து எடுத்தேன். கீழே, மிளகளவில் ஒரு கறுப்புக் கண்ணாடி மணி தெரிந்தது. எண் சடாரென்று இறங்கி அடியில் போய் நின்றது. நீலமாக எரிந்த அந்த இரண்டு பெரிய கண்களும் வெறும் விளக்குகள். உண்மையில் பார்ப்பது அந்த மணிதான். நான் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் எல்லாவற்றையும் சோதித்தேன், என் கையால் வைத்த பொட்டைத் தவிர. பூட்டியவருக்கு உணரி எதுவென்று தெரியாமல் இருந்திருக்காது.

வாசல் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பூட்சைக் கழற்றிவிட்டுப் படியிறங்கி வந்தார். என் கையில் ரோபோவையும், விரலில் சந்தனத்தையும், திரையில் இறங்கி நின்ற எண்ணையும் பார்த்தார். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். கம்பளித் தொப்பியில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"எப்ப தெரியும்?" என்று கேட்டேன்.

"விளக்கீட்டண்டு," என்றார். கார்த்திகை விளக்கீடு. மூன்று மாதம் ஆகிறது. "நீர் மேல மீற்றிங். காய்ஞ்சு தானா விழுந்திட்டுது. சும்மா சுவிட்சைப் போட்டன். நேரா முன்னால வந்துது. செற்றியடியில வந்து என்ரை காலுக்கு முன்னால நிண்டுது. வடிவா நிண்டுது."

"அப்ப ஏன் என்னைக் கூப்பிடேல்லை?"

தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டினார். "கூப்பிடத்தான் எழும்பினன். படியில பாதி வந்திட்டன். கூப்பிட்டா வருவீர், பாப்பீர், நல்லது எண்டு சொல்லிப்போட்டு மேல போயிடுவீர். பிறகு எனக்கு ஆர் இருக்கினம்?" தொப்பியில் இருந்த பனியைத் தட்டினார். "திரும்பிப் போய்ச் சந்தனத்தைக் குழைச்சன்."

எனக்குக் கோபம் வரவேண்டும். எத்தனை ஃபேர்ம்வெயர், எத்தனை கேபிள், அந்தப் பொறுமைசாலிக்கு நான் எழுதிய பதில்கள். ஒன்றும் வரவில்லை. நான் அவருடைய பேச்சுக்காகப் படியிறங்கி வந்துகொண்டிருந்தேன். அவர் நான் இறங்கி வருவதற்காகக் கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

விரலில் இருந்த சந்தனத்தைத் துடைக்க மனம் வரவில்லை. கிட்டப் போய் அவருடைய நெற்றியில் வைத்தேன். குனிந்து கொடுத்தார். குளிருக்குள் நின்று வந்த நெற்றி சில்லென்று இருந்தது.

பிறகு கேபிளைக் கழற்றி ரோபோவைக் கார்ப்பெற்றில் விட்டுச் சுவிட்சைப் போட்டேன். நீலக் கண் எரிந்தது. மெல்ல முனகியது. முன்னால் வந்தது. குளிர்காலம் முழுக்கப் பின்வாங்கிக்கொண்டே இருந்த சாமான், யன்னல் வெளிச்சத்தைக் கடந்து, தயங்காமல், எங்கள் இரண்டு பேருடைய காலடிக்கும் நேராக வந்து, கொஞ்சம் இடைவெளி விட்டு நின்றது. பிறகு பின்வாங்கித் திரும்பித் தன் வழியில் போனது.

அவர் செற்றியில் போய் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனி ஆரைச் சாட்டி உம்மைக் கூப்பிடுறது?" என்று கேட்டார். கேட்டது என்னையா ரோபோவையா என்று தெரியாத மாதிரி மெல்லக் கேட்டார்.

"ஒருத்தரையும் சாட்ட வேண்டாம்," என்றேன். "சும்மா கூப்பிடுங்கோ. வாறன்."

மேலே அடுத்த மீற்றிங்குக்கான மணி என் ஒபீஸ் லாப்ரொப்பில் அடிக்கத் தொடங்கியது. நான் போகவில்லை. அவருக்குப் பக்கத்தில், முதுகுக்கு வைக்கிற தலையணையைத் தள்ளிவிட்டு இருந்தேன். மணி கொஞ்ச நேரம் அடித்துவிட்டுத் தானாக ஓய்ந்தது. யன்னலின் மேல் பாதியில் பனி விழுந்துகொண்டிருந்தது.

"இஞ்சேரும்," என்றார், தோளோடு தோள் முட்ட இருந்த என்னை.

ஓம் என்றேன்.